பிள்ளைக்கு மலச்சிக்கல்: மலமிளக்கியா, நல்ல பாக்டீரியாவா?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், உட்காருங்கள். நாலு வயதுப் பிள்ளை நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். போகும்போது ஒரே அழுகை. டாக்டர் மலமிளக்கிப் பவுடர் எழுதி, இரண்டு மாதமாவது கொடுக்கச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்கள், “பேதி மருந்தை இத்தனை நாளா கொடுப்பாங்க? பழகிப்போயிடாதா?” என்கிறார்கள். மருந்துக்கடையில் ‘நல்ல பாக்டீரியா’ சாஷே ஒன்றை நீட்டி, பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். எதைக் கொடுப்பது?

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இப்படி அவதிப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் குடலில் நோய் எதுவும் இருக்காது. என்றைக்கோ ஒருநாள் மலம் இறுகி, போகும்போது வலித்திருக்கும். காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். சோறு இறங்காமல் பாலிலேயே வயிற்றை நிரப்பியிருக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கியிருக்கலாம். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை பிள்ளை அடக்கப் பார்க்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, கதவோரம் விறைத்து நின்று, முகம் சிவக்கும். முக்குகிறான் என்று நாம் நினைப்போம். அவன் வரவிடாமல் இறுக்கிக்கொண்டிருப்பான்.

பெருங்குடலின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் தங்கத் தங்க இன்னும் காய்ந்து இறுகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் பழைய எலாஸ்டிக் போலத் தொய்ந்து, நிரம்பினாலும் உணர்வு தராது. தேங்கிய கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டி அழுக்காகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்தினால் கட்டி இன்னும் பெரிதாகும்.

ஆகவே வலி இல்லாமல், நாள் தவறாமல், பிள்ளைக்குப் பயம் தெளியும்வரை மலம் இளகிப் போக வேண்டும். எந்த மருந்தையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

டாக்டர் எழுதிய பவுடர் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்காலாக இருக்கும். அது ரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு. கலக்கிக் குடித்த தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடாமல் பிடித்துவைத்து, மலத்தை இளக்கி, அதனுடனே வெளியேறிவிடும். லாக்டுலோஸ் சிரப் என்பது ஜீரணமாகாத ஒரு சர்க்கரை. அதுவும் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். கூடவே வயிற்றில் கொஞ்சம் வாயு சேரும். விளக்கெண்ணெய் குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்குகிற மாதிரி இவை செய்வதில்லை. இவற்றால் குடல் சோம்பிவிடும், மருந்துக்குப் பழகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது.

மருந்துக்கடையில் நீட்டிய ‘நல்ல பாக்டீரியா’ சாஷேதான் புரோபயாட்டிக். அதில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன. குடலின் அசைவை அவை சீராக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2010-இல் இத்தாலியில் மலச்சிக்கல் உள்ள 44 கைக்குழந்தைகளிடம் லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற வகையைச் சோதித்தார்கள். மலம் கழிக்கும் தடவை கூடியது. ஆனால் மலத்தின் இறுக்கம் குறையவில்லை. நம் பிள்ளையை அழவைப்பது அந்த இறுக்கம்தானே! பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவும், புரோபயாட்டிக் பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022-இல் எழுதியது.

ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி எதைக் கொடுப்பது என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. முதல் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால். அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ். குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். தொல்லை முற்றிலும் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும். புரோபயாட்டிக் அதன் பரிந்துரையில் இல்லை. உள்ளே கட்டி தேங்கியிருந்தால் முதல் சில நாள் கூடுதல் அளவில் கொடுத்து அதை வெளியேற்றுவார்கள். அந்த அளவை டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல பாக்டீரியாவுக்காக என்றால் தயிர்ச்சோறு தாராளமாகப் போடுங்கள், சாப்பாடாக. மருந்தாக நினைத்து அல்ல.

மருந்தோடு பழக்கமும் வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் அடியில் ஒரு முக்காலி போடுங்கள். ஜட்டி அழுக்கானதற்குத் திட்டாதீர்கள். அது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. பால் அளவோடு இருக்கட்டும். கொய்யா, கீரை, தண்ணீர் கூடட்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் கதையே வேறு. பிறந்து இரண்டு நாளாகியும் முதல் மலம் போகாதது, பிறந்த மாதத்திலேயே சிக்கல் தொடங்கியது, பச்சை வாந்தி, வயிறு உப்பிப்போவது, எடை ஏறாதது, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கலாம். மலம் இளகலாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்தால் கவலை வேண்டாம்.

சாஷேவுக்குக் கொடுக்கும் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்குங்கள். பவுடரை மட்டும், ஒரு வாரம் நன்றாகப் போனான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.