தண்ணீரை ஒட்டவிடாத காற்று

தாமரை இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்த்துப் பாருங்கள், வெள்ளித் தகடாய் மின்னும். இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே சிக்கிய காற்றுதான் அப்படி மின்னுகிறது. கார், கைபேசி, துணி என எல்லாவற்றுக்கும் இன்று விற்கப்படும் 'நானோ கோட்டிங்'கை எடைபோட இந்தக் காற்றைப் புரிந்துகொண்டால் போதும்.

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை ஆராய்ந்தபோது, அழுக்கே ஒட்டாத இலைகள்தான் கரடுமுரடாக இருந்தன. வழவழப்பே சுத்தம் என்ற நம்பிக்கைக்கு இது நேர்மாறு. கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து 1997-இல் தாமரை பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

தாமரை இலை முழுக்க மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மேடுகள். அவற்றின் மேல் சுமார் 100 நானோமீட்டர் பருமனில் மெழுகுக் குழல்கள். துளி இந்த நுனிகளில் மட்டும் நிற்கிறது, பள்ளங்களில் காற்று. துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணத்தை அளந்தால், வழவழப்பான பரப்பில் எந்த ரசாயனத்தைப் பூசினாலும் ஏறக்குறைய 120 டிகிரிதான் உச்சம். கரடும் சேர்ந்தால் 150-ஐத் தாண்டும். அப்போது துளி வழியாமல் உருளும். போகிற போக்கில் தூசியையும் அள்ளிச் செல்லும்.

அதே இலையை விரலால் அழுத்தித் தேய்த்தால், தேய்த்த இடத்தில் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. உயிருள்ள இலை மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். பூச்சுக்கு அந்த வழியில்லை. அதனால்தான் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையான தாமரைப் பரப்பு அல்ல. காரின் செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த, கடினமான, வழவழப்பான படலம். துளி முத்தாகத் திரளும். ஆனால் தானாகச் சுத்தமாகாது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறை படியும். கைபேசித் திரையில் இருப்பது சில நானோமீட்டர் ஃப்ளோரின் படலம், விரல் பட்டுப் பட்டே தேய்ந்துவிடும். கைபேசிக்குள் தண்ணீர் புகாமல் காப்பது பெரும்பாலும் ரப்பர் அடைப்புகள்தான்.

வாங்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது: இதில் ஃப்ளோரின் இருக்கிறதா? நீண்ட சங்கிலி ஃப்ளோரின் சேர்மங்கள் தண்ணீரோடு எண்ணெயையும் விரட்டும்; ஆனால் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும். அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ., 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. மெழுகு, சிலிகோன் சார்ந்த மாற்றுகள் எண்ணெய்க் கறையைத் தடுக்காது, தண்ணீரை நன்றாகவே தடுக்கும். மழைக்கோட்டுக்கு அது போதும்.