இசைநாடக ஆசிரியர் பிலிப் கிளாஸ்

நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கம் மேனாட்டுச் சங்கீத உலகில் பெருமதிப்புப் பெற்ற இடம். 1976-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு புதிய இசைநாடகம் நடைபெற்றது. நுழைவுச் சீட்டுகள் யாவும் விற்றுப்போயின. அந்நாடகத்துக்கு இசை அமைத்தவரோ, அது முடிந்த கையோடு தம் பழைய தொழிலுக்குத் திரும்பினார். அதாவது, வாடகைக் கார் ஓட்டப் போனார். வண்டியில் ஏறிய அம்மையார் ஒருவர் ஓட்டுநரின் அனுமதிச் சீட்டிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, புகழ்பெற்ற இசைவாணர் ஒருவரின் பெயரல்லவா உமக்கு வாய்த்திருக்கிறது என்று வியந்தாராம். அந்த ஓட்டுநர்தாம் அந்த இசைவாணர். அவர் பெயர் பிலிப் கிளாஸ்.

ஆப்பரா என்பது நமக்கு முற்றிலும் புதுமையானதன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தையும் அறிந்தவர்களுக்குக் கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் வழக்கம் தெரிந்ததே. மேனாட்டில் அதனோடு பெரிய வாத்தியக் குழுவும், காட்சி ஜோடனையும், பாடகர் கூட்டமும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே அது மிகுந்த பொருட்செலவுள்ள கலை. மேலே சொன்ன நாடகத்தில் இடமெல்லாம் நிரம்பியும் பெருங்கடனே மிஞ்சிற்று. எல்லாச் சீட்டும் விற்றாலும் அன்றைய செலவுக்குக் கட்டாது என்பதுதான் கணக்கு.

கிளாஸ் 1937-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பதும் உண்டு. விற்காமல் தேங்கிய தட்டுகளை அவர் வீட்டுக்கு எடுத்து வந்து, இவை ஏன் விலைபோகவில்லை என்று அறிவதற்காகவே இரவில் போட்டுக் கேட்பாராம். விற்காத தட்டுகள் என்பவை பெரும்பாலும் பார்டோக், ஷோஸ்டகோவிச் போன்ற புதுமை இசைவாணர்களுடையவை. குறை காணக் கேட்டவர் நாளடைவில் அவற்றின் ரசிகராகிவிட்டார். சிறுவன் பிலிப்பும் உடனிருந்து கேட்டான். வியாபாரத்தில் நேர்ந்த நஷ்டம் ஒரு பிள்ளையின் கல்வியாயிற்று.

பதினைந்தாம் வயதில் சிகாகோப் பல்கலைக்கழகம் சேர்ந்து கணிதமும் தத்துவமும் பயின்றார். பிறகு பால்டிமோரில் எஃகு ஆலையொன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, நியூயார்க்கிலுள்ள ஜூலியார்டு இசைப்பள்ளியில் சேர்ந்தார். 1964-இல் உதவிச் சம்பளம் பெற்றுப் பாரிஸ் சென்று, நாதியா பூலாஞ்சே அம்மையாரிடம் பாடம் கேட்டார். அவ்வம்மையார் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஆசிரியை. பட்டமும் பரிசும் பெற்று வந்தவர்களையும் அடிப்படைப் பயிற்சியிலிருந்தே மீண்டும் தொடங்கச் செய்வார். அரியக்குடியாரிடமோ செம்மங்குடியாரிடமோ சிட்சை பெற்றவர்களின் நினைவுகளைப் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

பாரிஸில்தான் திருப்பம் நேர்ந்தது. அங்கு ஒரு திரைப்படத்துக்கு இசை அமைக்கப் பண்டித ரவிசங்கர் வந்திருந்தார். தபலா வாசிக்க அல்லா ரக்கா உடன் வந்தார். பண்டிதர் பாடிக்காட்டுவதை மேனாட்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்கேற்ற ஸ்வரக் குறியீட்டில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. மேனாட்டு முறைப்படி அவர் ஸ்வரங்களை எழுதி, இடையிடையே செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்தார். அவ்வாறு கோடு போட்டால், கோட்டை அடுத்துள்ள ஸ்வரத்தை வாத்தியக்காரர்கள் அழுத்தி வாசிப்பது வழக்கம். அழுத்தம் தவறு, அழுத்தம் தவறு என்று அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். கோடுகளை எங்கு மாற்றிப் போட்டாலும் அதே விடைதான். எல்லாரும் காத்திருக்க, மனம் சலித்த கிளாஸ் கோடுகள் அனைத்தையும் அழித்துவிட்டார். அப்போதுதான் இரண்டும் மூன்றுமான சிறு தொகுதிகள் ஓடையைப் போல இடையறாது ஓடுவது அவர் கண்ணுக்குப் புலனாயிற்று.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த இடத்தில் சற்றே நிற்கத் தோன்றுகிறது. ஒரு மொழியின் வாக்கியத்தை மற்றொரு மொழியின் நிறுத்தக்குறிகளுக்குள் அடைக்க முயன்று, சொல்லெல்லாம் சரியாக இருந்தும் பொருள் நடக்கவில்லையே என்று விழித்த அனுபவம் கோப்பு மேசையில் பலமுறை உண்டு. அல்லா ரக்காவைப் போலப் பக்கத்தில் நின்று தவறு என்று சொல்ல ஆள் வாய்ப்பதுதான் அரிது.

கிளாஸ் அன்று கண்டதை ஒரு விதியாக்கிக்கொண்டார். ஐந்து ஸ்வரங்களைக் கொண்ட ஒரு கோவையை எடுத்துப் பலமுறை வாசிப்பது. பிறகு ஒன்று கூட்டி ஆறாக்கிப் பலமுறை வாசிப்பது. பின் ஏழு, எட்டு என்று வளர்ப்பது. வந்த வழியே குறைப்பது. 'தக', 'தகிட' என்னும் இரண்டே சொற்களைக் கொண்டு இதை மேசையில் தட்டியே காட்டலாம். நகையாக இதைச் சொல்லவில்லை. 1968-இல் 'ஒன்றும் ஒன்றும்' என்று அவர் இயற்றிய உருப்படி, ஒலிபெருக்கி பொருத்திய மேசையை விரலால் தட்டி வாசிப்பதற்காகவே எழுதப்பட்டது. நமது லயவித்துவான்கள் யதி என்று கூறும் விரிவும் ஒடுக்கமும் இதற்கு உறவு. ஆயினும் இதை நம் தாள இலக்கணமாகக் கொள்வதற்கில்லை. நம் கணக்கு எத்துணை தூரம் சுற்றினாலும் சமத்துக்கோ எடுப்புக்கோ வந்து சேரவேண்டும். அந்தச் சேர்க்கையில்தான் சபை கை தட்டும். கிளாஸின் இசை அவ்வாறு வீடு திரும்புவதில்லை, போய்க்கொண்டே இருக்கும். அவர் கற்றது பாதி. மீதியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்பது நம் கருத்து.

நியூயார்க் திரும்பியதும் தமக்கென ஒரு சிறு வாத்தியக் குழுவை அமைத்தார். சங்கீத சபைகள் கதவு திறக்கவில்லை. ஓவியர்களின் கூடங்களிலும் மாடிகளிலும் கச்சேரி நடைபெற்றது. இது இசையே அன்று என்று கூறியவர் பலர். ஒரு முறை ஒருவர் மேடைமீதேறி வாத்தியத்தின் கட்டைகளைத் தாறுமாறாகத் தட்ட, கிளாஸ் ஒரு கையால் வாசிப்பை நிறுத்தாமலே மறு கையால் அவரைக் குத்தித் தள்ளினாராம். வயிற்றுப்பாட்டுக்குக் குழாய் வேலை, சாமான் ஏற்றி இறக்கும் வேலை, வாடகைக் கார். குழாய் வேலைக்குப் போன வீடொன்று பெயர்பெற்ற கலை விமரிசகருடையது. அவர் இவரை அடையாளம் கண்டு திகைத்து, நீர் ஒரு கலைஞர் ஆயிற்றே என்றாராம். கலைஞனாக இருந்தாலும் தொடங்கிய வேலையை முடித்தாக வேண்டுமென்று இவர் பதில் சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார். நாற்பத்தொரு வயது வரை அவர் பிழைப்பு இவ்விதமே நடந்தது.

கடன் வைத்த அந்த நாடகத்தின் பெயர் 'கடற்கரையில் ஐன்ஸ்டைன்'. நாடகாசிரியர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து அமைத்தது. 1976 ஜூலையில் பிரான்சிலுள்ள ஆவின்யோன் விழாவில் அரங்கேறியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இடைவேளையின்றி நடக்கும்; சபையோர் விரும்பியபோது எழுந்து வெளியே சென்று திரும்பலாம். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த நம்மவருக்கு இதில் வியப்பில்லை. கதை என்று ஒன்றும் இல்லை. பாடகர்கள் பாடுவதும் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களையும், ச ரி க ம போன்ற அவர்களுடைய ஸ்வரப் பெயர்களையுமே. ஒத்திகையில் கணக்குத் தவறாமலிருக்கச் சொல்லிக்கொண்ட எண்களே இறுதியில் சாகித்தியமாக நிலைத்துவிட்டன.

அடுத்ததுதான் நம்மை நேரே தொடுவது. டார்ஜிலிங் மலைப்பகுதியில் திபெத்திய அகதிகளிடையே பழகிவந்த நாட்களில், காந்தியடிகளின் 1930-ஆம் ஆண்டு உப்பு யாத்திரையைக் காட்டும் செய்திப்படம் ஒன்றை ஒரு நண்பர் தயவால் கிளாஸ் பார்த்தார். அந்த உருவம் மனத்தில் தங்கிவிட்டது. கேரளக் கலாமண்டலத்துக்கும் சென்று கதகளியைக் கண்டார். ராட்டர்டாம் நகரத்தார் ஓர் இசைநாடகம் வேண்டுமென்று கேட்டபோது, தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தை எடுத்துக்கொண்டார். 'சத்தியாக்கிரகம்' என்ற அந்நாடகம் 1980 செப்டம்பர் 5-ஆம் தேதி அந்நகரில் அரங்கேறியது.

மூன்று அங்கங்கள், ஒவ்வொன்றையும் மேலிருந்து மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்னும் மூவர். குருட்சேத்திரத்தில் நாடகம் தொடங்குகிறது. டால்ஸ்டாய் பண்ணை, 1906-ஆம் ஆண்டுச் சபதம், 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை, பதிவுச் சீட்டுகளை எரித்தது என்று சென்று, 1913-இல் நடந்த நியூகாசில் யாத்திரையில் முடிகிறது. பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் இல்லை. நரம்புக் கருவிகளும் குழல்களும் மின்சார ஆர்கனுமே. போராட்டக் கதைக்கு முழக்கம் வேண்டாமென்று அவர் துணிந்தது நமக்குப் பிடித்திருக்கிறது.

நியூகாசில் என்றதும் தமிழர் நெஞ்சம் நிமிரவேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலித் தொழிலாளர் மீது தலைக்கு மூன்று பவுன் வரி விதிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணம் செல்லாதென்று ஒரு தீர்ப்பும் வந்தது. டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த, பெரும்பாலும் தமிழரான பெண்கள் நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேச, வேலைநிறுத்தம் மூண்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியடிகளோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி பதினாறே வயதில் உயிர்நீத்தவர் தில்லையாடி வள்ளியம்மை. நாடகத்தில் வள்ளியம்மை என்று ஒரு பாத்திரம் இல்லை; திருமதி நாயுடு என்று ஒருவர் உண்டு. வேற்றூரில் பிழைக்கப் போனவர்கள் கட்டிய போராட்டம் அது. டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நாம் அந்தப் பெயர் இல்லாததை உணராமலிருக்க முடியவில்லை.

நாடகத்தில் வரும் சொற்கள் யாவும் பகவத் கீதையிலிருந்து எடுத்தவை. மொழிபெயர்க்காமல் வடமொழியிலேயே பாடப்படுகின்றன. தொகுத்துக் கொடுத்தவர் கான்ஸ்டன்ஸ் டிஜாங் என்ற எழுத்தாளர். மேடையில் நடப்பது ஒன்று, பாடப்படுவது மற்றொன்று. டர்பனில் வெள்ளையர் கூட்டம் காந்தியடிகளைத் தாக்க வரும்போதும் ஒலிப்பது கீதை வாசகமே. லண்டனில் 2007-இலும் நியூயார்க்கில் 2008-இலும் மேடையேற்றியவர்கள் வழக்கமான எழுத்து மொழிபெயர்ப்பையும் ஒழுங்காகக் காட்டாமல், சில தொடர்களை மட்டும் காட்சியின் மீது விழச் செய்தார்கள்.

பொருள் தெரியாத பாட்டைச் சபையோர் ஏன் கேட்கவேண்டும்? இந்தக் கேள்வி நமக்குப் பழையது. தெலுங்குக் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு உருகிய நாமே, 1940-களில் தமிழிசை இயக்கம் கண்டு, தமிழ் மேடையில் தமிழ் ஒலிக்கவேண்டுமென்று கேட்டோம். கேட்டது நியாயமே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கிளாஸ் நாடகத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டபோது மற்றொரு பக்கமும் தென்பட்டது. யாத்திரைக்காரர்கள் சிறைப்பட்டபின் காந்தியடிகள் தனியே நிற்கிறார். கீதையின் நான்காம் அத்தியாயத்துச் சுலோகங்கள். கீழிருந்து மேல் ஏறும் எட்டு ஸ்வரங்கள், அவ்வளவுதான். அதே ஆரோகணம் முப்பது முறை. அவரோகணமே இல்லை. பத்தாவது முறைக்குள் சலிப்புத் தட்டுகிறது. அதன்பின் அந்தச் சலிப்பு எங்கோ போய்விடுகிறது. தினந்தோறும் ஒரே காரியத்தைச் செய்யும் ஒருவருடைய உறுதி எப்படியிருக்கும் என்பதை அந்த ஸ்வரங்களே உணர்த்திவிடுகின்றன. அதற்கு மொழிபெயர்ப்பு ஒன்றும் சேர்த்திருக்காது.

2011 டிசம்பரில் மெட்ரோபாலிடனில் இதே நாடகம் நடந்த ஓர் இரவு, வெளியே செல்வ ஏற்றத்தாழ்வை எதிர்த்து மக்கள் கூடியிருந்தனர். கிளாஸ் அரங்கை விட்டு வந்து அவர்கள் நடுவே நின்று, நாடகத்தின் இறுதி வாசகத்தைப் படித்தார். கூட்டம் வரி வரியாகத் திருப்பிச் சொல்லிற்று. அங்கே மட்டும் அது ஆங்கிலத்தில் இருந்தது.

பின்னர் வந்தவை ஏராளம்; எல்லாம் ஒரே தரமல்ல. சிம்பொனிகள் பத்துக்கு மேல். 'குந்துன்', 'தி அவர்ஸ்' முதலிய திரைப்படங்களுக்கு இசை. இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றி 2006-இல் ஒரு பாடற்படைப்பு. 1990-இல் ரவிசங்கரோடு சேர்ந்து 'பாசேஜஸ்' என்ற இசைத்தட்டு. ஒருவர் தந்த பல்லவியை மற்றவர் வளர்த்தெடுத்தார். பாரிஸில் கோடுகளை அழித்து இருபத்தைந்து ஆண்டுகளாகியிருந்தன.

ஆயினும் 1984 மார்ச்சில் ஸ்டட்கார்ட் நகரில் அரங்கேறிய 'அக்நாதென்' பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பழைய எகிப்தில் பல தெய்வ வழிபாட்டை நிறுத்திச் சூரியன் ஒருவனையே வணங்கச் செய்த அரசனின் கதை. அரங்கம் சிறியதாக அமைந்ததால் வயலின்களையே நீக்கிவிட்டார். அதனால் வந்த கருமையான ஒலியே அந்நாடகத்தின் தனிச்சிறப்பாயிற்று. பாடல்கள் எகிப்திய மொழி, அக்காடிய மொழி, எபிரேய மொழி என்று பழம்பேச்சுகளில் செல்கின்றன. நடுவே அரசன் பாடும் சூரிய துதி ஒன்றை மட்டும், எந்த ஊரில் நாடகம் நடக்கிறதோ அந்த ஊராரின் மொழியில் பாடவேண்டும் என்று கிளாஸ் ஏற்பாடு செய்திருக்கிறார். ஸ்டட்கார்டில் ஜெர்மன், லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்கிலம். சென்னையில் என்றேனும் அந்நாடகம் மேடையேறுமானால் அந்தத் துதி தமிழில் ஒலித்தாக வேண்டும். அந்த மொழிபெயர்ப்பு எவர் மேசைக்கு வந்து சேருமோ!