பக்கத்து இருக்கையில் ஆள் வேண்டும்

புனேயின் விமான் நகரில், நகர் ரோட்டை ஒட்டி நிற்கும் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி மால் 2011-ல் திறந்தது. துணிக்கடை, செருப்புக்கடை, சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி எஸ்கலேட்டரில் ஏறினால் பி.வி.ஆர். திரையரங்கு. பக்கத்துக் கராடியில் ஐ.டி. வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. பெரிய தமிழ்ப் படம் வெளியாகும் வாரத்தில் அந்த வீடுகளில் ஒரு கணக்கு ஓடும். டிக்கெட், பார்க்கிங், இடைவேளைப் பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் பணம் எங்கே போய் நிற்கும்? நாலு வாரம் பொறுத்தால் அதே படம் வீட்டு டி.வி.யிலேயே வந்துவிடுமே? தியேட்டரில் படம் பார்ப்பது இன்றைக்கும் சுகம்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்பதில் திரையரங்கு நடத்துபவர்களுக்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அவர்கள் அதைச் சாய்வு நாற்காலியிலும் லேசர் புரொஜெக்டரிலும் தேடுகிறார்கள். அது இருப்பதோ பக்கத்து இருக்கையில்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளலாம். படத்தின் தரம் என்ற ஒரே காரணத்துக்காகத் தியேட்டருக்குப் போன காலம் முடிந்துவிட்டது. டிஜிட்டல் சினிமாவில் வெண்திரையின் வெளிச்சத்துக்கு ஒரு தர அளவு உண்டு: சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. இன்று கடையில் தவணைக்குக் கிடைக்கும் சாதாரண டி.வி.கூட அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் காட்டும். பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டும் அரங்கில் அந்த 48-உம் வராது. இரவுக் காட்சிகளில் திரையில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. திரையின் அகலமும் ஒலியின் ஆழமும் தியேட்டருக்குத்தான் என்பது உண்மைதான். ஆனாலும் ஐம்பத்தைந்து அங்குல டி.வி.யும் சுமாரான ஸ்பீக்கரும் உள்ள வீட்டுக்காரரை அந்த வித்தியாசம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலை நகர் ரோட்டு நெரிசலில் இறக்கிவிடாது.

அப்படியானால் எது இறக்குகிறது? 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2004-ல் வந்த 'கில்லி' இருபது ஆண்டுகள் கழித்து மறுவெளியீடு கண்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி.யில் பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடமாகிவிட்ட படம் அது. கதையில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, வீட்டில் பார்க்கச் செலவும் இல்லை. இருந்தும் அரங்குகள் நிரம்பின, புதுப்படம் போல வசூலித்தது. அந்த டிக்கெட் வாங்கியவர்கள் வாங்கியது படத்தை அல்ல. அடுத்த வசனம் என்னவென்று தெரிந்த ஐந்நூறு பேரோடு சேர்ந்து அதைச் சொல்லும் வாய்ப்பை. அதே ஆண்டு செப்டம்பரில் 'தும்பாட்' என்ற ஹிந்திப் படம் மறுவெளியீட்டில் முதல் வெளியீட்டைவிட அதிகம் சம்பாதித்தது. சிரிப்பை ஆராய்ச்சி செய்த அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கையில் ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். வீட்டு சோபாவில் புன்னகையோடு போய்விடும் வடிவேலு காட்சி தியேட்டரில் வயிற்றைப் பிடிக்க வைப்பது இதனால்தான். நகைச்சுவை அதேதான், சுற்றியிருப்பவர்களின் சிரிப்பு நம் சிரிப்பை இழுத்துக்கொண்டு வருகிறது. பயமும் கண்ணீரும் அப்படியே. நூறு பேர் ஒரே கணத்தில் மூச்சைப் பிடிக்கும் அமைதியை எந்த ஸ்பீக்கராலும் கொடுக்க முடியாது.

இந்தக் கூட்டம் எங்கே போயிற்று? ஆர்மாக்ஸ் மீடியாவின் கணக்குப்படி 2019-ல் இந்தியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட் ஏறத்தாழ 103 கோடி, வசூல் 10,948 கோடி ரூபாய். 2024-ல் டிக்கெட் 88 கோடியாகச் சரிந்தது, வசூலோ 11,833 கோடியாக ஏறியது. சராசரி டிக்கெட் 106 ரூபாயிலிருந்து 134 ரூபாய்க்குப் போயிற்று. ஆள் குறைந்தும் பணம் கூடியது. கணக்குப் புத்தகத்தில் இது நல்ல செய்தியாகத் தெரியலாம். அரங்குக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது வேறு செய்தி: முன்னால் நாலு வரிசை காலி, இடப்பக்கம் காலி, நகைச்சுவைக் காட்சிக்கு ஆங்காங்கே இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அந்த 134 ரூபாய் நாட்டுச் சராசரி. பி.வி.ஆர்.-ஐநாக்ஸ் போன்ற பெரிய குழுமத்தில் 2024-25-ல் சராசரி டிக்கெட் 260 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒரு ஆள் தின்பண்டத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ இன்னொரு 130. நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடும். அதன் மேல் ஆன்லைனில் பதிவு செய்யும் கட்டணம், பார்க்கிங்.

"மக்கள் வராததற்குக் காரணம் விலை இல்லை, நல்ல படம் இல்லாததுதான்" என்பது வழக்கமான மறுப்பு. அதில் பாதி நியாயம் உண்டு. மோசமான படத்தை ஐம்பது ரூபாய்க்குக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் 2022 செப்டம்பர் 23-ஆம் தேதியை இந்த வாதம் விளக்காது. தேசிய சினிமா தினம் என்று நாடு முழுக்க ஏறத்தாழ 4,000 திரைகளில் அன்று டிக்கெட்டை 75 ரூபாய்க்கு விற்றார்கள். அன்று புதிதாகப் பெரிய நட்சத்திரப் படம் எதுவும் வரவில்லை. 'பிரம்மாஸ்திரா' மூன்றாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாரநாள் வேறு, வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நாளில் 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளெக்ஸ் சங்கம் சொன்னது. அந்த ஆண்டு முழுவதும் நாட்டின் எல்லாத் திரைகளிலும் சேர்ந்து விற்ற டிக்கெட் ஏறத்தாழ 89 கோடி. நாளுக்கு வகுத்தால் இருபத்து நாலு லட்சத்துச் சொச்சம். பழைய படத்துக்கு, பாதிக்கும் குறைவான திரைகளில், அதைப்போல இரண்டரை மடங்கு கூட்டம். தியேட்டர் ஆசை செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாளிகள் பக்கத்தையும் கேட்போம், ஏனென்றால் அவர்கள் சொல்வது பொய் இல்லை. டிக்கெட் பணம் முழுதும் அவர்கள் கைக்கு வருவதில்லை. ஹிந்திப் படத் தயாரிப்பாளர்களோடு 2009-ல் பெரிய தகராறு வந்து, முடிவில் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி முதல் வார வசூலில் பாதி விநியோகஸ்தருக்குப் போகும். இரண்டாம் வாரம் 42.5 சதவீதம், மூன்றாம் வாரம் 37.5, அப்புறம் 30. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மால் வாடகை, ஏ.சி. மின்கட்டணம் எல்லாம் மிச்சத்திலிருந்து. பாப்கார்ன் பணத்தில் மட்டும் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது. தின்பண்டம் ஏன் அந்த விலை விற்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் இல்லை. புனேயில் இந்த விலை 2018 ஜூனில் கைகலப்பு வரை போனது. மஹாராஷ்டிரா நவநிர்மாண் சேனா தொண்டர்கள் ஒரு மல்டிபிளெக்ஸ் மேலாளரை அடித்தார்கள். விலையைத் தீர்மானிக்காத ஊழியரை அடித்தது அநியாயம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அடுத்த மாதம் மாநில அமைச்சர் வெளி உணவுக்குத் தடை இருக்காது என்று சட்ட மேலவையில் அறிவித்தார். பிறகு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அரசே பின்வாங்கியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: வெளி உணவைத் தடுக்க அரங்குக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது. விமான் நகர் மாலில் பையைத் திறந்து காட்டி நிற்கும் தாய்மார்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டப்படி அவர்கள் செய்வது சரி என்பதால் அது கெட்டிக்காரத்தனமும் ஆகிவிடாது. ஒரு ஆளிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்றே கணக்குப் போட்டால், எத்தனை ஆள் என்ற கணக்கு மறந்துபோகும். படம் தொடங்குவதற்கு முன் ஓடும் விளம்பரமும் இதே வகைதான். 2023 டிசம்பரில் பெங்களூரில் ஒருவர் 4.05 காட்சிக்குப் போய் உட்கார்ந்தார். விளம்பரங்கள் முடிந்து படம் தொடங்கியது 4.30-க்கு. நுகர்வோர் ஆணையம் 2025-ல் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. வழக்கு எப்படியும் போகட்டும். காசு கொடுத்து வந்தவனின் இருபத்தைந்து நிமிடத்தை இன்னொருவனுக்கு விற்கும்போது அவன் மனதில் விழும் கசப்பு, வீட்டு ரிமோட்டுக்குக் கிடைக்கும் வெற்றி.

இனி இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு, எனக்கு இதுதான் கனமானது. கூட்டம் என்று இவ்வளவு புகழ்கிறோமே, இன்றையக் கூட்டத்தின் லட்சணம் என்ன? பாதிப் படத்தில் பளிச்சென்று எரியும் செல்போன், திரையையே ரீல்ஸ் எடுப்பவர், கதையை முன்கூட்டிச் சொல்பவர். இதைவிட மோசமும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் சென்னை ரோகிணியில் 'லியோ' டிரெய்லரைப் போட்டபோது ரசிகர்கள் இருக்கைகளை நொறுக்கினார்கள். 2024 டிசம்பரில் ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். இவற்றை ரசிகர் கொண்டாட்டம் என்று யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் கவனித்தால், செல்போனும் இருக்கை உடைப்பும் நெரிசல் சாவும் ஒரே நோய் இல்லை. நெரிசல், வாசலை நிர்வகிக்கத் தெரியாததால் வருவது. அதற்குக் காவலும் நேர ஒழுங்கும் மருந்து. செல்போனுக்கு மருந்து, டார்ச்சோடு வரும் ஊழியர். டென்ட் கொட்டகைக் காலத்தில்கூட விசிலடித்த கூட்டத்தை அதட்டி உட்கார வைக்க ஒரு ஆள் இருந்தார். இன்றைய மல்டிபிளெக்ஸில் படம் ஓடும்போது உள்ளே வரும் ஊழியர் கையில் இருப்பது பெரும்பாலும் பர்கர் தட்டு. இருட்டில் இருக்கைக்கே சாப்பாடு கொண்டுவருவதைச் சொகுசு என்கிறார்கள்; அந்த ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கை ஒழுங்குக்குச் செலவிட்டால் பாதிப் புகார் தீரும்.

விமான் நகரில் இருக்கும் தமிழருக்கு இந்த வாதத்தில் கூடுதலாக ஒரு பங்கு உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலம், ஆட்டோவில் ஹிந்தி, காய்கறிக்காரரிடம் மராத்தி என்று வாரம் போகும் ஊரில், இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஒரு தமிழ் வசனத்துக்குச் சிரிக்கும் இடம் வேறு எது? ஓ.டி.டி. அதே வசனத்தைக் கொடுக்கும், அந்த இருநூறு பேரைக் கொடுக்காது. மராத்திக்கார நண்பர் கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்து அரை நொடி பிந்திச் சிரிப்பதும் இங்கேதான் கேட்கும். இந்த ஊருக்கும் தமிழ்ப் படத்துக்கும் உள்ள உறவு பழையது. 1933-ல் கோலாப்பூரிலிருந்து புனேக்கு வந்த பிரபாத் ஃபிலிம் கம்பெனி, மறு ஆண்டே 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை வெளியிட்டது. பின்னாளில் ஓவியராகவும் இசைக்கலைஞராகவும் பெயர் பெற்ற எஸ். ராஜம் அதில் ராமர். அவர் தம்பி, பிற்காலத்து வீணை எஸ். பாலசந்தர், சிறுவனாகத் தலைகாட்டினார். அந்த ஸ்டூடியோ இருந்த வளாகத்தில்தான் இப்போது திரைப்படக் கல்லூரி நடக்கிறது. இத்தனை உறவு இருந்தும், தமிழ்ப் படம் நாலு வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போவதும், தேசிய மல்டிபிளெக்ஸ் குழுமங்கள் ஹிந்தி வடிவத்துக்கு எட்டு வாரம் கேட்பதும் முட்டிக்கொள்கின்றன. 'லியோ'வின் ஹிந்தி வடிவம் 2023-லும், 'கோட்' படத்தின் ஹிந்தி வடிவம் 2024-லும் அந்தக் குழுமங்களில் வரவே இல்லை. ஹிந்தி மட்டும் தெரிந்த சக ஊழியரைக் கூட்டிக்கொண்டு போக நினைத்த புனேத் தமிழருக்கு அது நட்டம்தான். நாலு வாரம் என்பது ரொம்பக் குறைவு என்பதே என் எண்ணம். காத்திருப்பதற்கு எளிதாக இருக்கும்வரை பலர் காத்திருக்கவே செய்வார்கள்.

விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தால் தீருமா? தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸுக்கு வரம்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. கர்நாடகம் 2025 செப்டம்பரில் 200 ரூபாய் என்று விதித்தது, அதே மாதம் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மஹாராஷ்டிராவில் அப்படி வரம்பு இல்லை. எல்லா இருக்கைக்கும் ஒரே கத்தரி போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வசதி உள்ளவர் சாய்வு நாற்காலிக்கு எவ்வளவு கொடுத்தாலும் கொடுத்துவிட்டுப் போகட்டும். குறைந்த விலைக்கும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். நிறுவனங்களுக்கே இது புரியத் தொடங்கியிருக்கிறது. பி.வி.ஆர்.-ஐநாக்ஸ் 2023 அக்டோபரில் 699 ரூபாய்க்கு மாதம் பத்துப் படம் என்று ஒரு சந்தாவை, திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் என்ற நிபந்தனையோடு, கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் செவ்வாய்க்கிழமைகளுக்கு 99 ரூபாயிலிருந்து டிக்கெட் என்று அறிவித்தது. ஆனால் பள்ளிப் பிள்ளையும் இரவுப் பணிக்காரரும் உள்ள வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை எதற்கு உதவும்? குடும்பம் கிளம்புவது சனி, ஞாயிறில். சென்னை சத்யம் போன்ற அரங்குகளில் முன்வரிசை டிக்கெட் 10 ரூபாய்க்கு நீண்ட காலம் கிடைத்தது. கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும், கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் விசில் அங்கிருந்துதான் வரும். விமான் நகரில் சிம்பயோசிஸ் வளாகம் இருக்கிறது, மாணவர் விடுதிகள் இருக்கின்றன, 2024 மார்ச்சிலிருந்து ராம்வாடி வரை மெட்ரோவும் ஓடுகிறது. ஞாயிறு மாலைக் காட்சியில் திரைக்கு அருகே உள்ள முதல் மூன்று வரிசையை 75 ரூபாய்க்கு விடட்டும். பின்வரிசையில் ஐந்நூறு கொடுத்துச் சாய்ந்திருப்பவரின் படமும் அன்றைக்கு இன்னும் நன்றாக இருக்கும்.