அந்த நாலு பேர் யாரு பாஸ்?

'நாலு பேர் என்ன சொல்வாங்க?'

வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு காலேஜ் கேன்டீன் வரைக்கும் நம்மளைத் துரத்துற கேள்வி இது. இங்கிலீஷ்ல தப்பாப் பேசினா சிரிப்பாங்களோ? தனியா உட்கார்ந்து சாப்பிட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்களோ? போட்டோ போட்டு அரை மணி நேரமாச்சு, பத்து லைக்கூட வரலையே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த நாலு பேருக்குப் பரீட்சை எழுதுறீங்கன்னு எண்ணிப் பாருங்க, தலை சுத்தும்!

இதே பரீட்சையில் மாட்டிக்கொண்டு முகம் சிவந்துபோன ஒரு பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. பெயர், ஏமி கார்மைக்கேல். 1867-ல், இன்றைய வட அயர்லாந்தில் பிறந்தவர்.

டீன் ஏஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் சர்ச் முடிந்து தம்பிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே கந்தல் உடுத்திய ஒரு கிழவி, பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். மூன்று பேரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, கைத்தாங்கலாக அவளை நடத்திப் போனார்கள். உதவி செஞ்சாச்சு, சரி. ஆனா, சர்ச்சிலிருந்து டிப்டாப்பாக வரும் அத்தனை பெரிய மனிதர்களும் எதிரே வந்தார்களே! வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்யவே பிடிக்கவில்லை என்று ஏமியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த நேரத்தில் பைபிளில் பவுல் எழுதிய ஒரு விஷயம் அவர் மனதில் பளிச்சிட்டது. நீ கட்டினது பொன்னா, வைக்கோலா என்று கடைசியில் நெருப்புதான் சோதிக்கும் என்பது அதன் சாரம். அதாவது, மார்க் போடுவது தெருவில் போகிறவர்கள் இல்லை. அன்று மதியம் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, இனி யாருக்காக வாழ்வது என்று கடவுளிடம் பேசி முடிவு செய்தார் ஏமி.

அதன் பிறகு, தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போர்த்திய மில் தொழிலாளிப் பெண்களை சர்ச்சுக்கு அழைத்து வந்தார். 'கௌரவமானவர்கள்' முகம் சுளித்தார்கள். 1889-ல் அந்தப் பெண்களுக்காகவே 500 பேர் உட்காரும் தகரக் கூடம் எழும்பியது.

1895-ல் இந்தியா வந்தவர், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கிவிட்டார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு 1901 முதல் அடைக்கலம் தந்தார். குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டுவதெல்லாம் ஒரு மிஷனரி செய்யும் வேலையா என்ற கேள்வி வந்தது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவிய இயேசுவே அவருக்குப் பதிலாக இருந்தார்.

இதுவரைக்கும் ஓகே. திட்டுறவங்களைக் கண்டுக்காம இருக்குறது கெத்து. ஆனா, பாராட்டுறவங்களை?

1919-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'கெய்சர்-இ-ஹிந்த்' பதக்கம் அறிவித்தது. ஏமி சங்கடப்பட்டார். தன் எஜமான் இயேசுவுக்குக் கிடைத்தது அவமானம், தனக்குப் பதக்கமா என்று தவித்து, வேண்டாமே என்று கவர்னருக்கே கடிதம் எழுதினார். கடைசியில் மற்றவர்கள் சொல்லி ஏற்றுக்கொண்டாலும், வாங்குவதற்கு விழாவுக்குப் போகவில்லை.

இங்கதான் விஷயமே இருக்கு. தாழ்மைன்னா, 'நான் ஒண்ணுமே இல்லை'ன்னு முதுகை வளைச்சு நிக்கிறது இல்லை. அது சில சமயம் பாராட்டுக்குப் போடுற தூண்டில்! திட்டும் பாராட்டும் ஒரே கடைச் சரக்குதான். ஒண்ணை வாங்கினா இன்னொண்ணும் கூடவே வரும். ஏமி அந்தக் கடைக்கே போகலை.

அதுக்காக, 'எனக்குக் கடவுள் போதும், நீ யார் சொல்றதுக்கு?'ன்னு ஹெச்.ஓ.டி.கிட்ட எகிறாதீங்க! அது தாழ்மை இல்லை, திமிர். நாலு பேர் நம்ம வெளியை மட்டும்தான் பார்க்கிறாங்க. யாரும் பார்க்காத நேரத்துல நாம யாருன்னும் கடவுளுக்குத் தெரியும். உண்மையில அதுதான் கஷ்டமான பேப்பர்.

1951-ல் ஏமி இறந்தபோது, தன் கல்லறை மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில், தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்.

உங்க காலேஜ்லயும் யாரோ ஒருத்தர் தனியா ஒரு மூட்டையைத் தூக்கிட்டுத்தான் இருக்காங்க. யாரும் பக்கத்துல உட்காராத அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனா இருக்கலாம், வராண்டா பெருக்குற அக்காவா இருக்கலாம். நாளைக்கு ஒரு கை கொடுங்க. நாலு பேர் பார்ப்பாங்கதான்... பார்க்கட்டுமே!