உழைச்செல்வான்: மார்பகப் புற்றுநோயும் கணவன் கடமையும்

முன்னுரை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் மட்டுமே அந்நான்கினுள் அடங்கிவிடவில்லை. நான்காவதாக உழைச்செல்வான் என்பானும் இடம்பெறுகின்றான். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தே நின்று, மருந்தைப் பிழையின்றி அளித்துப் பேணுபவனே உழைச்செல்வான். அவன் இன்றேல் மருத்துவம் முற்றுப்பெறாது என்பது நம் முன்னோர் துணிபு.

கணவன் நோயுற்றால் மனைவி உழைச்செல்வாள் ஆதல் நம் இல்லங்களில் இயல்பாக நிகழ்கின்றது. எவரும் அவளைக் கேட்பதில்லை, அவளும் மறுப்பதில்லை. மனைவி நோயுற்றால் அவள் பக்கத்தே நிற்பவர் யார்? தாயா, தமக்கையா, மணமாகிச் சென்ற மகளா, கணவனா? மார்பகப் புற்றுநோயை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களுள் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் அவ்வாண்டில் இந்நோயால் உயிரிழந்தனர். நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

மார்பகத்திலுள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் இந்நோய் தோன்றுகின்றது. இது தொற்றுநோய் அன்று. உண்ணும் தட்டாலும் உடுக்கும் துணியாலும் பரவாது. கண்ணேறும் செய்வினையும் முன்செய்த பாவமும் இதற்குக் காரணம் அல்ல. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே மரபணு வழியாக இது வருகின்றது. ஆகவே, 'உன் தாய்வீட்டு நோய்' என்று மனைவியைச் சுட்டுவது அறியாமை. அவ்வறியாமை அவளை நோயினும் மிகுதியாக வருத்தும்.

முதற் கடமை

கணவனின் முதற் கடமை காலம் தாழ்த்தாமை. தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாமையே இந்நோயின் வஞ்சகம். 'வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்' என்று மனைவி சொல்லுவாள். தறி நிற்கக் கூடாது, கறவை மாடு காத்திருக்கிறது, பிள்ளைக்குத் தேர்வு என்று அவளுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். அவற்றைக் கேட்டுக் கணவனும் அமைதியாகிவிடுதல் தகாது.

மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே மருத்துவரை நாட வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் அதனைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம் எனில், பெண் மருத்துவர் இருக்கும் இடத்தை வினவி அறிந்து அழைத்துச் செல்வது கணவன் பொறுப்பு. கூச்சம் மதிக்கத்தக்கது, ஆனால் அது தாமதத்திற்குக் காரணம் ஆகிவிடலாகாது.

இதன் பயனுக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தனர். பெருங்கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

மருத்துவம் நடைபெறும் முறை

உழைச்செல்வான் மருத்துவத்தின் போக்கை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் அஞ்சுவான், அஞ்சுபவன் ஆறுதல் கூற இயலாது.

முதலில் மருத்துவர் கையால் பரிசோதிப்பார். பின்னர் மேமோகிராம் அல்லது ஸ்கேன் எடுப்பர். அதன்பின் ஊசியால் சிறிது சதையை எடுத்து ஆய்வர். இதுவே சதைப் பரிசோதனை எனப்படும் பயாப்சி. 'ஊசி பட்டால் நோய் பரவிவிடும்' என்ற அச்சம் நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. இது தவறு. இச்சோதனை இன்றி நோயின் வகையை அறிய இயலாது. வகையறியாமல் மருந்தைத் தேர்தலும் இயலாது.

மருத்துவ முறைகள் பல. அறுவை, கீமோதெரபி என்னும் மருந்தேற்றல், மக்கள் 'கரண்ட் வைத்தல்' என வழங்கும் கதிரியக்க மருத்துவம், ஹார்மோன் மாத்திரை என்பன அவற்றுள் சில. எல்லாம் எல்லார்க்கும் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அடித்தசையையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். உலகம் பல்லாண்டுகள் அதனையே பின்பற்றியது. பெர்னார்டு ஃபிஷர் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் நடத்திய ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. தொடக்கநிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கம் அளித்தாலும் உயிர்வாழ்வு குறைவதில்லை என்பது 1985ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டது. ஆதலின், 'மார்பகத்தைக் காக்க வழியுண்டா?' என மருத்துவரிடம் வினவ மனைவிக்கு உரிமை உண்டு. அவள் கேட்கத் தயங்கினால் கணவன் கேட்கலாம். முடிவு மட்டும் அவளுடையதாக இருத்தல் வேண்டும். அவள் உடல் பற்றிய செய்தியை அவளிடம் மறைத்து, ஆடவர் கூடித் தீர்மானிப்பது அன்பாகாது.

இல்லத்தில் கணவன்

அறுவைக்குப் பின் சில நாள்கள் உடலோடு ஒரு வடிகுழாய் இணைந்திருக்கும். அதில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதுதல் கணவன் செய்யத்தக்க பணி. மருத்துவர் கற்பிக்கும் கைப்பயிற்சிகளை அவள் சோர்ந்து விட்டுவிடாதபடி உடனிருந்து செய்வித்தலும் வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டிருப்பின் அப்பக்கக் கை பின்னாளில் வீங்கக் கூடும். அக்கையில் தீப்புண்ணும் வெட்டுக் காயமும் நேராமல் காத்தல் நன்று. வீக்கம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்தேற்றல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நிகழும். மருந்தேறிய இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். மருத்துவம் முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும். ஒருவகைச் சிவப்பு மருந்து ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது குருதி அன்று. குமட்டலுக்கு முன்னதாகவே மாத்திரை உண்டு. வாந்தி வந்தபின் தருவதினும் வருமுன் தருவதே சிறப்பு. மருந்தேறிய முதல் இரண்டு நாள்கள் வாந்தி, கழிவு, அவை பட்ட துணி ஆகியவற்றைக் கையுறை அணிந்து கையாளுதல் பாதுகாப்பு.

இவை அனைத்தினும் தலையாயது காய்ச்சல். மருந்தேறிய ஏழு முதல் பதினான்கு நாள்களில் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அந்நாள்களில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே தீங்காகலாம். ஆதலின் வீட்டில் ஒரு வெப்பமானி இருத்தல் இன்றியமையாதது.

வெளியிலிருந்து கதிரியக்கம் பெறும் தாயின் உடலிலிருந்து கதிர் பிறர்மீது பாயாது. குழந்தை அவளை அணைத்துக்கொள்ளலாம், கணவனும் அருகிருக்கலாம். நோன்பும் விரதமும் பற்றி வினா எழும்போது, நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதைக் குடும்பத்துப் பெரியோரே எடுத்துச்சொல்லி அவள் மனக்குறையைப் போக்க வேண்டும்.

தொலைவில் தொழில் செய்வோர்

நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்முறை தனித்தன்மை உடையது. நாமக்கல் லாரிகள் வடமாநிலங்களுக்குச் செல்கின்றன. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் புறப்பட்டால் திரும்பப் பல மாதங்கள் ஆகும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. சேலத்து வெள்ளிப் பட்டறையிலும் நிலை அதுவே. 'வேலையை விட்டு அருகிருக்க இயலுமா?' என்று இத்தொழிலாளர் வினவுவது நியாயமே.

எல்லா நாளும் இயலாதெனினும், சில நாள்கள் இயலும். மூன்று வாரச் சுழற்சியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டால், மருந்தேறும் நாளையும் அடுத்த இரண்டு நாளையும் முன்கூட்டியே ஒதுக்கலாம். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை நெடும்பயணம் தவிர்த்து அண்மை நடைகளை ஏற்கலாம். அதுவும் இயலாதபோது, இரவில் அழைத்துச் செல்ல ஒரு வண்டியையும் உடன்செல்ல ஓர் உறவினரையும் ஏற்பாடு செய்துவிட்டே வண்டி ஏற வேண்டும். உரிமையாளர்களும் சங்கத்தாரும் இத்தகைய தொழிலாளிக்கு நடை மாற்றித் தருவது பேருதவி.

வறுமையிலும் பக்கத்தே நின்றவர் உண்டு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில் பேருந்தும் தொடர்வண்டியும் நின்றுபோயின. அப்போது கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த முதிய கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோயுற்ற தம் மனைவியை மிதிவண்டியில் அமர்த்தி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையை அடைந்தார். மருந்தேற்ற வேண்டிய நாள் தவறக் கூடாது என்பதே அவர் எண்ணம். மருத்துவமனையார் மருத்துவம் அளித்து, ஆம்புலன்சில் அவர்களை ஊர் சேர்த்தனர். நாளேடுகள் அவர் செயலை வியந்து எழுதின. உழைச்செல்வான் என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுவதில்லை.

பொருளும் உதவியும்

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாமக்கல்லிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு ஏற்கப்படுகின்றது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் முதலிலேயே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மருத்துவத்திற்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் தொடர்வண்டிக் கட்டணச் சலுகை உண்டு. காட்டையும் நகையையும் விற்பதற்கு முன் இவற்றை நாடுவது அறிவுடைமை.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் ஈண்டு நினைத்தல் தகும். தங்கை புற்றுநோயால் மறைந்த துயரை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அது தொடங்கப்பெற்றது. ஓராண்டில் அங்குப் பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதனையே தம் வாழ்வாகக் கொண்டார். ஒரு குடும்பத்தின் துயரிலிருந்து எழுந்த அந்நிலையம் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் துணையாயிற்று.

உள்ளமும் சுற்றமும்

அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வொன்று நெஞ்சை உறுத்துவது. மூளைக்கட்டி முதலிய கடுநோயுற்ற 515 பேரை ஆராய்ந்ததில், மனைவி நோயுற்ற இணைகளில் 20.8 விழுக்காட்டினர் பிரிந்தனர். கணவன் நோயுற்ற இணைகளில் பிரிந்தோர் 2.9 விழுக்காட்டினரே. நம் நாட்டில் மணமுறிவு அரிது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே பேச்சைக் குறைப்பதும், முகம் பாராமல் நடப்பதும், தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டு மறப்பதும் பிரிவு அல்லவா?

மார்பகம் இழந்த பெண், தன் பெண்மையையே இழந்ததாக எண்ணி மருகுவாள். தழும்பைக் கணவன் முதன்முறை காணும் நேரம் அவளுக்குப் பெருஞ்சோதனை. அப்போது அவன் முகம் சொல்லும் செய்தியை எந்த மருந்தாலும் மாற்ற இயலாது. அறிவுரையினும் அருகிருத்தலே அவளுக்கு வேண்டுவது. 'அழாதே' என்பதனினும், அழும்வரை பக்கத்தில் அமர்ந்திருத்தல் மேல்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சித் தாயின் நோயை மறைக்கும் குடும்பங்கள் உள்ளன. மறைப்பதால் மருத்துவம் தாமதமாகின்றது. தாமதத்தால் உயிர் போகின்றது. பெண் பார்க்கும்போது தாயின் நோயைக் குறையாகப் பேசுவதில்லை எனப் பெரியோர் உறுதி பூண்டால், பல தாய்மார் உரிய காலத்தில் மருத்துவரை நாடுவர்.

உழைச்செல்வானும் மனிதனே. அவனுக்கும் உறக்கமும் உணவும் அழுவதற்கு ஒரு தோளும் வேண்டும். 'ஆண்பிள்ளை கலங்கலாமா?' என்று கேட்பதை விடுத்து, ஒருநாள் இரவு மருத்துவமனையில் அவனுக்கு மாற்றாக இருக்க முன்வருவதே நண்பர் கடன்.

முடிவுரை

மார்பகப் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. அறுவையும் மருந்தேற்றலும் முடிந்தபின்னும், ஹார்மோன் மாத்திரை தேவைப்படும் வகையினர் அதனை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும். பார்க்க வந்தவர் கூட்டம் அதற்குள் கலைந்துவிடும். ஐந்தாம் ஆண்டிலும், 'இன்று மாத்திரை எடுத்துக்கொண்டாயா?' என்று கேட்கும் குரல் ஒன்று வீட்டில் வேண்டும். அது கணவன் குரலாக இருக்கட்டும்.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவ இளைஞர்கள் நாளை இல்லறம் ஏற்கவிருப்பவர்கள். சமைக்கவும் துணி துவைக்கவும் மருந்துச்சீட்டைப் படித்து உரிய வேளையில் கொடுக்கவும் இன்றே பழகுதல் நன்று. உங்கள் அன்னையர்க்கும் நாளைய துணைவியர்க்கும் அது பயன்படும்.