முதுமையும் மறதியும்

பலவீனம், அதன்பின் பலம், மீண்டும் பலவீனமும் நரையும் என மனித வாழ்வின் நிலைகளை அருள்மறையின் அர்ரூம் அத்தியாயம் 54ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்பதை 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக் வெளியிட்டார்.

உடல் தளரும் வேகத்தில் அறிவு தளர்வதில்லை. புதியதை விரைந்து பற்றும் திறன் முன்னதாகவே குறையத் தொடங்கும். சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதைக் கடந்தும் நிலைக்கும் என உளவியலாளர்கள் ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் பிரித்துக் காட்டினர். அஸருக்குப் பின் நம் அந்தியூர்ப் பள்ளியில் அமரும் பெரியவர்களைப் பாருங்கள். ஒரு பெயரைத் தேடித் தயங்குபவரே, பங்காளிகளின் பாகப்பிரிவினைச் சிக்கலை நிதானமாக அவிழ்த்துவிடுவார்.

ஆகவே அத்தா எப்போதேனும் ஒரு பெயரை மறந்தால் அது வயதின் இயல்பு. பழகிய தெருவிலேயே வழி தவறினால், தொழுததை மறந்து அதே வக்தை மீண்டும் மீண்டும் தொழுதால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். 'வயதாகிவிட்டது' என்று நாம் விட்டுவிடுகிறோமே, அங்குதான் பிழை. தைராய்டு குறைபாட்டாலும் பி12 சத்துக் குறைவாலும் நேரும் மறதி சிகிச்சையில் தேறக்கூடியது. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டுள்ளது. அவ்வளவு தூரம் செல்லுமுன், அருகிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஓர் இரத்தப் பரிசோதனையேனும் செய்து பாருங்கள்.