ஊரிலிருந்து வந்த இறுவட்டும் இங்குள்ள தொலைக்காட்சியும்



நாம் ஊரில் கற்பித்த பாடசாலையில் 2005ஆம் ஆண்டு நடைபெற்ற பரிசளிப்பு விழாவின் இறுவட்டு ஒன்று, பல கைகள் மாறி நியூ ஜேர்சியில் எம்மை வந்தடைந்தது. அன்பர் ஒருவர் தந்திருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அதனை ஆவலுடன் இட்டோம். தமிழ்மொழி வாழ்த்து தெளிவாகக் கேட்டது. படமோ நிறமிழந்து, கீழிருந்து மேலாக உருண்டு கொண்டேயிருந்தது. பிள்ளைகளின் குரல்களை அடையாளம் கண்டோம். முகங்களைக் காண இயலவில்லை. வழியில் பழுதாகிவிட்டது என்றெண்ணி இரண்டாண்டுகள் மேசை அறைக்குள் வைத்துவிட்டோம். இறுவட்டில் யாதொரு பழுதும் இருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். இத்தகைய இறுவட்டு உங்கள் இல்லங்களிலும் இருக்கக்கூடும் என்பதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

தொலைக்காட்சிப் படம் கோடு கோடாக வரையப்படுவது. அமெரிக்க முறையாகிய என்.ரி.எஸ்.சி.யில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். இலங்கையும் இந்தியாவும் கைக்கொண்ட பி.ஏ.எல். முறையில் 625 கோடுகள். செக்கனுக்கு 25 படங்கள். (இம்மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் 'பால்' என்று வகுப்பில் வாசித்தபோது, "பசுப்பாலா, ஐயா?" என்று ஒரு சிறுமி வினவினாள்.) இவ்வேறுபாட்டின் வேர் வீட்டு மின்சாரத்தில் உள்ளது. இங்கு மின்னோட்டம் செக்கனுக்கு 60 சுற்று, அங்கு 50. தொடக்ககாலப் பொறியியலாளர் மின்சாரத்தின் துடிப்பு படத்தைக் குலைக்காதிருக்க, அதன் பாதியைப் படங்களின் எண்ணிக்கையாகக் கொண்டனர்.

அமெரிக்க வண்ணமுறை 1953இல் அங்கீகாரம் பெற்றது. அதனை உருவாக்கியதில் பெரும் பங்கு, நம் மாநிலத்துப் பிரின்ஸ்ரன் நகரில் இருந்த ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்துக்கு உரியது. ஜேர்மனியரான வால்ற்றர் புறூக் அதன் நிறத் தடுமாற்றத்தைத் திருத்தும் வழியைக் கண்டார், அதுவே பி.ஏ.எல். ஆயிற்று. இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1982இல். அமெரிக்காவில் பழைய முறையிலான முக்கிய ஒளிபரப்புகள் 2009 ஜூன் 12ஆம் நாள் நிறுத்தப்பட்டன. ஆயினும் இறுவட்டுகளில் அவ்விரு முறைகளும் இன்றும் உறைந்து கிடக்கின்றன.

இனிச் செய்யவேண்டியதைக் கூறுவோம். இறுவட்டை நிறுத்திவிட்டு, ரிமோட்டில் 'செற்றப்' என்னும் பொத்தானை அழுத்துக. 'ரி.வி. சிஸ்ரம்' அல்லது அதனையொத்த பெயருடைய வரியில் என்.ரி.எஸ்.சி., பி.ஏ.எல்., 'ஓட்டோ' என்பன காணப்படும். பலர் 'ஓட்டோ' என்பதே புத்திசாலித்தனம் எனக் கருதுவர், நாமும் கருதினோம். அது இறுவட்டில் உள்ளதை உள்ளவாறே அனுப்பிவிடும். இங்கு வாங்கிய பெட்டிக்கு என்.ரி.எஸ்.சி.யைத் தெரிந்தால், கருவியே கோடுகளைக் குறைத்தும் சில படங்களை இருமுறை காட்டியும் மாற்றித் தரும். ஆனால் இங்கு விற்பனையாகும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இவ்வாற்றல் இல்லை. வாங்குமுன் கையேட்டைப் பார்த்தல் நன்று. கணினிக்கு இவ்விரு முறைகளும் ஒன்றே. எமது இறுவட்டும் ஒரு மாணவனின் கணினியிலேதான் முதலில் முகங்காட்டியது.

திரைப்பட இறுவட்டுகளில் வலய எண் என்னும் இன்னொரு பூட்டு இருக்கலாம். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5. உறையின் பின்புறத்தில் உலக உருண்டைக் குறிக்குள் அவ்வெண்ணைக் காணலாம். வீட்டில் பதிவு செய்த திருமண, பூப்புனித நீராட்டு விழா இறுவட்டுகளுக்கு இப்பூட்டு இல்லை.

படம் தெரிந்தபின் அதன் வடிவத்தைக் கவனிக்க. பழைய பதிவுகளின் அகல உயர விகிதம் 4:3. இன்றைய திரைகளினது 16:9. இழுத்துப் பரப்பினால் மெலிந்த அப்பம்மாவும் பருத்துத் தோன்றுவார். தொலைக்காட்சியின் பட அளவை 4:3 என மாற்றினால் இருபுறமும் கருமை விழும். அப்பம்மா தம் உருவுக்கு மீள்வார். மஞ்சள் முனைக் கம்பியால் இணைத்திருப்போர் 'புறோகிறசிவ்' என்பதைத் தொடாதிருத்தல் நலம். அக்கம்பி அதனைச் சுமக்காது. சில கருவிகளில் திரை முற்றாக இருண்டு, அமைப்புப் பட்டியலையும் காணமுடியாது போகும். அவ்வாறு நேர்ந்தால் கையேட்டில் கூறியபடி தொடக்க நிலைக்கு மீட்க வேண்டும்.

பெட்டி சரியாகியதும் உடனே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வீட்டில் பதியும் இறுவட்டுகளின் சாயப்படலம் வெப்பத்திலும் வெயிலிலும் மங்கிவிடும். எமது இறுவட்டில் இறுதி ஏழு நிமிடங்களை எந்தக் கருவியாலும் வாசிக்க முடியவில்லை. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாடகம் அப்பகுதியிலேயே இருந்தது.